சாத்திய ஜன்னல்

அரசியல் தொடர்பியலில் முதுகலை படிக்கக் கடன் வாங்கிக்கொண்டு அமெரிக்கா போனேன். மூன்றாவது மாதம் நூலகத்தில் பெர்னார்ட் பேட்டின் புத்தகம் கிடைத்தது. 2009இல் வந்தது. மதுரையில் மேடை மேடையாகப் போய்க் கேட்டு எழுதிய அமெரிக்கர். செந்தமிழ் மேடைப்பேச்சு தொன்மையானதல்ல, நவீன அரசியல் தனக்கென்று செய்துகொண்ட பாஷை என்கிறார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வீடு மயிலாப்பூர் மாங்கொல்லைக்குப் பக்கத்தில். கூட்டம் தொடங்கினால் அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள். நானும் காதைப் பொத்திக்கொண்டு பரீட்சைக்குப் படித்தவன்தான்.

1907 மே மாதம் சென்னைக் கடற்கரையில் பிபின் சந்திர பால் பேசியது ஆங்கிலத்தில். மறு வருஷம் தூத்துக்குடிக் கடற்கரையில் சுப்பிரமணிய சிவா தமிழில் பேசினார். மில் தொழிலாளிகள் கேட்டார்கள். அந்தப் பேச்சுக்கு நீதிமன்றம் 10 வருஷம் தீவாந்தரம் விதித்தது. போலீஸார் எடுத்த குறிப்புகள் சாட்சியமாயின. (மேடைத் தமிழை எங்கள் வீட்டைவிடக் கவனமாகக் கேட்டது போலீஸ்தான்.)

கார்த்திகேசு சிவத்தம்பி பர்மிங்ஹாம் போனவர். கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பண்டைத் தமிழ் நாடகத்தை ஆராய்ந்து 1970இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு 1981இல், தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாகப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல். நான் கடன் வாங்கிப் படிக்கப் போன துறையின் பெயர் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. வெளியிட்டது சென்னையில், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்.

ஆய்வேட்டுக்கு மாங்கொல்லைக் கூட்டங்களை எடுத்துக்கொண்டதாக அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அந்தக் கத்தலையா? அதுக்கா அங்க போனே?" என்றாள்.