மேடை உண்டு, அறை இல்லை

ஓட்டலில் தங்குபவர்களுக்கு மாலையில் என்ன நிகழ்ச்சி வைப்பது என்பது வெறும் ரசனை சார்ந்த விஷயமாகத் தோன்றும். யார் பாடுவது, எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு, அவ்வளவுதானே? ஆனால் யார் எந்த வாசலில் நுழையலாம், யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதும் அந்தத் திட்டத்தோடு சேர்ந்தே முடிவாகிறது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகர வரலாறு இதற்கு ஒரு சாட்சி.

நெவாடா மாநிலம் 1931-ல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. 'ஸ்ட்ரிப்' எனப்படும் நெடுஞ்சாலைப் பகுதியின் முதல் ஓட்டலான எல் ராஞ்சோ வேகாஸ் 1941-ல் திறக்கப்பட்டது. அடுத்தடுத்து வந்த ஓட்டல்களின் கணக்கு எளிமையானது. புகழ்பெற்ற கலைஞரை மேடையேற்றினால் கூட்டம் வரும். வந்த கூட்டம் சூதாட்ட மேசையில் பணத்தை விடும். சாமி டேவிஸ் ஜூனியர், நாட் கிங் கோல், லீனா ஹார்ன் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் அந்த மேடைகளை நிரப்பினார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவர்களுக்கு அதே ஓட்டலில் அறை கிடையாது. உணவகத்திலும் சூதாட்டக் கூடத்திலும் இடமில்லை. ரயில் பாதைக்கு அப்பால், கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டிருந்த வெஸ்ட்சைடுக்குப் போய், அங்கிருந்த தங்கும் வீடுகளில் படுக்க வேண்டும். நம் ஊரின் ஊரும் சேரியும் போலத்தான். கலை வேண்டும், கலைஞர் வேண்டாம் என்ற இந்த மனநிலையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பு பல வழிகளில் வந்தது. 1952-ல் லாஸ்ட் ஃபிரான்டியர் ஓட்டலில் ஆட வந்த ஜோசபின் பேக்கர், பார்வையாளர்களாகக் கறுப்பினத்தவரையும் அனுமதிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தார். 1955 மே மாதம் வெஸ்ட்சைடின் ஓரத்தில் மூலான் ரூஜ் என்ற ஓட்டல் திறந்தது. எல்லா நிறத்தவரும் ஒன்றாகத் தங்கலாம், ஆடலாம், வேலை செய்யலாம். நள்ளிரவுக்குப் பிறகு அங்கே நடந்த நிகழ்ச்சியைப் பார்க்க ஸ்ட்ரிப்பின் கலைஞர்களும் விருந்தினர்களும் திரண்டார்கள். அவ்வளவு வரவேற்பு இருந்தும் அந்த ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டது.

1960-ல் பல் மருத்துவர் ஜேம்ஸ் மெக்மில்லன், என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்த் தலைவராக, ஓட்டல்களுக்குக் கெடு விதித்தார். மார்ச் 26-க்குள் பாகுபாட்டை நிறுத்தாவிட்டால் ஸ்ட்ரிப்பில் பேரணி நடக்கும் என்றார். பேரணிச் செய்தி நாடெங்கும் பரவினால் சுற்றுலா வருமானம் போய்விடும் என்று முதலாளிகள் அஞ்சினார்கள். மூடிக் கிடந்த அதே மூலான் ரூஜில் பேச்சுவார்த்தை நடந்து, உடன்பாடு எட்டப்பட்டது. முதலாளிகளின் மனம் அன்று மாறியதா என்பது வேறு கேள்வி; கதவு திறந்தது.

ஆனால் விருந்தினராக நுழையும் உரிமை, வேலையில் சம உரிமையாகிவிடவில்லை. சமையலறையும் அறைகளைச் சுத்தம் செய்வதும்தான் பெரும்பாலான கறுப்பினத்தவருக்குக் கிடைத்த வேலைகள். மற்ற வேலைகளிலும் அவர்களைச் சேர்ப்பதாக ஓட்டல்கள் ஒப்புக்கொள்ள 1971 ஆனது. அதுவும் நீதிமன்றத்தின் வழியாக.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு 1950-லேயே ஓட்டல்களையும் பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியின் பெயரால் அங்கே யாரையும் தடுக்கக் கூடாது என்றது. அமெரிக்காவில் இதற்கு இணையான தேசியச் சட்டம் 1964-ல்தான் வந்தது. சட்டத்தில் நாம் முந்தினோம். நடைமுறையில்?

இன்று நட்சத்திர ஓட்டல்களின் பொங்கல் விழாவில் பறை அதிர்கிறது, கரகம் சுழல்கிறது. அந்தக் கலைஞர்கள் எந்த வாசலில் நுழைகிறார்கள்? உடை மாற்ற அறை உண்டா? எங்கே, யாருடன் சாப்பிடுகிறார்கள்? பேசிய தொகை முழுதாக அவர்கள் கைக்கு வருகிறதா? கலைக்குழுக்களோடு வேலை செய்யும் தோழர்கள் நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே இவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பேக்கர் செய்ததும் அதைத்தான்.