துடிப்பை எண்ணிய கடிகாரம்

வன்பொருள் கடிகாரம் பிசகுவதற்குப் படிகத்தின் குறை காரணம். மெய்நிகர் கணினியில் நேர்ந்த பிசகின் வரலாறு வேறு. அங்கு விருந்தினர் இயங்குதளம் தனக்கு வரும் நேரத் துடிப்புகளை எண்ணியே காலத்தை அறிந்தது. செயலியைப் பலருக்குப் பங்கிட்ட ஹைப்பர்வைசரோ அத்துடிப்புகளை உரிய கணத்தில் தர இயலாமல் தவித்தது.

2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 இச்சிக்கலைப் பெருக்கியது. இன்டெல் வகைச் செயலிகளில் நொடிக்கு 100 ஆக இருந்த துடிப்பு 1000 ஆயிற்று. பத்து மெய்நிகர் கணினிகள் வேலையின்றி இருந்தாலும் நொடிக்கு 10,000 துடிப்புகள்! தவறியவற்றை ஹைப்பர்வைசர் பின்னர் மொத்தமாகச் செலுத்திற்று. விருந்தினரும் தன் பங்குக்கு ஈடுசெய்தது. பிந்திய கடிகாரம் முந்தலாயிற்று.

பலர் நாடிய மருந்து, டேவிட் மில்ஸ் 1985இல் ஆவணப்படுத்திய என்.டி.பி. நெறிமுறை. ஆயின் அது மெல்லத் திருத்தக்கூடியது நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 நொடிகளே. அதற்கு மேற்பட்ட பிசகுக்குக் கடிகாரம் தாவியாக வேண்டும். பின்னோக்கித் தாவினால் தரவுத்தளப் பதிவுகளின் வரிசை குலையும்.

எண்ணுவதைக் கைவிட்ட பிறகே தீர்வு பிறந்தது. 2008இல் லினக்ஸில் இணைந்த கே.வி.எம். கடிகாரத்தில், ஹைப்பர்வைசர் நேரக் குறிப்பைப் பகிர்நினைவகத்தில் எழுதும். விருந்தினர் அதைப் படித்துக்கொள்ளும். தான் மெய்நிகர் என்பதை இயங்குதளம் ஒப்புக்கொண்ட தருணம் அது எனலாம்.

2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, இந்திய நிறுவனங்களின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தப் பணித்தது. இணையத் தாக்குதல் விசாரணையில், எந்தப் பதிவு முந்தியது என்பதிலேயே பொறுப்பு யாருடையது என்ற கேள்வி தொங்குகிறது.