கக்குவானும் காலக் கணக்கும்

கம்பளைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் லயக் காம்பராவில், என் பாட்டி சொன்ன சொல் இன்றும் காதில் ஒலிக்கிறது. "கக்குவான் போயிருச்சுன்னு இருந்துறாதீங்க. மூணு நாலு வருஷத்துல திரும்பி வரும்."

யாழ்ப்பாணத்தார் குக்கல் என்றழைக்கும் இந்நோயின் கிருமியை 1906 இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் போர்டே, ஜெங்கூ என்னும் இருவர் வளர்த்துக் காட்டினர். அதே 1906 இல் இலண்டனில் வில்லியம் ஹேமர் என்ற மருத்துவர், சின்னமுத்து ஏன் அலையலையாக வருகிறதென்பதற்கு விடை கூறினார். நோயுற்றோர் தொகையும், நோயெதிர்ப்பு இல்லாதோர் தொகையும் சேர்ந்தே பரவலின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் கருத்து. 1927 இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் ஆகியோர் இதைச் சமன்பாடுகளாக விரித்து, 1905-06 பம்பாய்க் கொள்ளைநோய் மரணங்களோடு ஒப்பிட்டனர். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவச் சேவையில் பணியாற்றியவர்.

கக்குவானுக்கும் இக்கணக்கு பொருந்தும். ஓர் அலை ஓய்வது கிருமி அழிந்ததால் அன்று. பற்றிக்கொள்ளப் போதிய குழந்தைகள் எஞ்சாததால். பிறப்புகள் பெருகப் பெருக விறகு மீண்டும் அடுக்கப்படுகிறது. அமைதியான ஆண்டுகள் உண்மையில் அடுத்த அலைக்கான ஆயத்த ஆண்டுகளே.

தடுப்பூசியால் நோயாளர் குறைந்தால், அலைகளின் இடைவெளியும் நீள வேண்டுமல்லவா? இங்கிலாந்தின் பதிவுகளை ஆராய்ந்த பைன், கிளார்க்சன் இருவரும் 1982 இல் வியப்பான முடிவை வெளியிட்டனர்: நோயாளர் வெகுவாகக் குறைந்தும் இடைவெளி நீளவில்லை. ஊசி குழந்தையை நோயிலிருந்து காக்கிறது. கிருமியின் நடமாட்டத்தை அந்த அளவுக்குத் தடுக்கவில்லையோ என்ற ஐயம் அதனால் எழுந்தது.

இதன் பொருள் ஊசி பயனற்றது என்பதன்று. 1970களின் நடுப்பகுதியில், ஊசி பற்றிய அச்சத்தால் அங்கே அதனைப் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 80 இலிருந்து 30 அளவுக்கு வீழ்ந்தனர். 1977-79 இல் பெரும் அலை எழுந்தது. 2024 இலும் இங்கிலாந்தில் பத்துக்கு மேற்பட்ட கைக்குழந்தைகள் இந்நோய்க்குப் பலியாயினர்.

இலங்கையில் 1978 இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. இன்று முதல் ஊசி இரண்டாம் மாதத்தில் இடப்படுகிறது. அதற்கு முந்திய வாரங்களில் சிசுவைக் காப்பது சுற்றியிருப்போரின் விழிப்பே. இருமலே கேட்காத லயத்திலும் மருத்துவமாது அட்டையைப் புரட்டி நாள் குறிப்பது அதனால்தான். எழுத்தறியாத என் பாட்டி பிழையின்றிப் போட்ட கணக்கு அது.