புற்றுக்காளானும் தரங்கம்பாடி டாக்டரும்

மழை பெஞ்ச மறுநாள் விடிகாலையில அப்பத்தா கூடையோட புஞ்சைக்குக் கிளம்பினா, அன்னிக்கு வீட்ல காளான் குழம்புன்னு அர்த்தம். இடி இடிச்சாத்தான் காளான் முளைக்கும்னு அடிச்சுச் சொல்லும். பொட்டி தட்ட வந்தபிறகு, அதுல எவ்வளவு உண்மைன்னு தோண்டினேன். அது 18ஆம் நூற்றாண்டு தரங்கம்பாடியில கொண்டுபோய் விட்டுச்சு.

யோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸோட மாணவர். 1768இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்தவர். வைத்தியம் பார்த்த நேரம் போக செடி, கொடி, பூச்சின்னு அலைஞ்சிருக்கார். நம்மூர்க் கரையான்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய கட்டுரை 1779இல் வெளியானது. புற்றுக்குள் இருக்கும் பூஞ்சையைப் பதிவு செய்த ஆரம்பகால ஐரோப்பிய எழுத்துகளில் அதுவும் ஒன்று. நம்மாளுங்க ஈசல் பிடிச்சுத் தின்னதைக்கூட மனுஷன் விடலை! ஆப்பிரிக்கப் புற்றுகளைப் பற்றி ஸ்மீத்மேன் எழுதியது அதற்கப்புறம் 1781இல்தான். ஆனா புகழ் என்னவோ ஸ்மீத்மேனுக்கு. ஹும்.

விஷயம் இதுதான். கரையான் தின்ன சருகும் கட்டையும் எச்சமா வெளிவரும். அதைத் தேனடை மாதிரி கட்டி, மேல பூஞ்சை வளர்க்கும். நம்ம வயித்துக்கும் அதுங்க வயித்துக்கும் ஒத்துவராத லிக்னினைச் சிதைச்சுத் தர்றது பூஞ்சையோட வேலை. பக்காவான விவசாயம்! இந்தத் தோட்டத்தோட புதைபடிவம் தான்சானியாவில் கிடைச்சிருக்கு, வயசு சுமார் 2.5 கோடி வருஷம். நல்ல மழையில மண் ஊறி இளகினதும், அடையிலிருந்து வேர் மாதிரி நீண்ட காம்பு மேலேறி வந்து குடை விரிக்கும். அப்பத்தாவோட இடி, அந்த மழையோட கூட வந்த விருந்தாளி. அவ்வளவுதான் :-)

இந்தப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ்னு 1942இல் பேர் வெச்சவர் பிரான்ஸின் ரோஜே ஹெய்ம். சிப்பிக்காளான் மாதிரி இதைப் பண்ணையில வளர்த்து விக்கிறது இன்னும் கைகூடலை. புற்று போனா காளானும் போச்சு.

போன ஐப்பசிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி பூரா மழை. காலையில அப்பத்தாவோட நானும் போனேன். புஞ்சைக்குப் பக்கத்துக் காடு பிளாட் ஆகி, மஞ்சள் பெயிண்ட் அடிச்ச கல் நட்டிருந்தாங்க. புற்று இருந்த இடத்துல ஜேசிபி தடம். "இங்கனதாம்ல இருந்துச்சு"ன்னுச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு, பண்ணைக்கீரையைப் பறிச்சுக் கூடையில போட ஆரம்பிச்சிருச்சு.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு கண்ட காளானையும் பறிச்சுத் தின்னுடாதீங்க மக்களே. புல்தரையில முளைக்கிற வெள்ளைக் குடை ஒண்ணு இருக்கு. முத்தினா அடிமடிப்பு பச்சையாகும். தின்னா வாந்தி பேதிதான். தெரிஞ்சவங்க கைகாட்டாம தொடாதீங்க.