மரக்கடிகாரமும் மலைநாட்டுப் பொழுதும்

மஸ்கெலியாவில் பொழுது விடியுமுன்னரே வேலைநேரம் விடிந்துவிடும். சிவனொளிபாத மலைச்சாரலில் பனிமூட்டம் கலையாத அந்த வேளையில், ஆங்கிலேயர் காலத்துத் தோட்டங்களில் தப்பு முழங்கியது. தொழிலாளிக்கு அதுவே கடிகாரம். லயத்துக் காம்பராவில் அடுப்பை மூட்டிய பெண், கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, கூடையும் கையுமாகப் பிரட்டுக்களத்திற்கு ஓடினாள். அங்கே கணக்கப்பிள்ளை பெயர் பதிந்தால்தான் அன்றைய கூலி உண்டு. முழுநாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதனின் பெயரையே பாதியாக நறுக்கும் சொல் தோட்டத்து மொழியில் பிறந்தது தற்செயலன்று. அங்கே காலத்தை அளந்தவன் வேறு, காலத்தைக் கொடுத்தவன் வேறு.

மலையகத்தின் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பாடியபோது, முதலில் கேட்கச் செய்தது இந்தப் பறையொலியைத்தான். அந்தத் தப்பை அடித்தவனும் தொழிலாளியே. ஆனால் எப்போது அடிப்பது என்று சொன்ன கடிகாரம் துரையின் பங்களாவில் இருந்தது.

காலத்தை அளக்கும் கருவி என்றுமே அதிகாரத்தின் அருகில் இருந்து வந்திருக்கிறது. பழந்தமிழ் நூலாகிய முல்லைப்பாட்டில், போர்ப்பாசறையிலிருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் கன்னல் என்னும் நீர்க்கருவியைப் பார்த்துப் பொழுது சொல்கின்றனர். ஐரோப்பாவிலும் மடாலயக் கோபுரத்திலும் அரண்மனையிலும்தான் பெரிய கடிகாரங்கள் முதலில் ஒலித்தன. அந்தக் கருவி சாதாரண மனிதனின் சுவருக்கு வந்து சேர்ந்த வரலாறு சுவையானது. அதில் பெரும்பங்கு மரத்தச்சருக்கும் குடியானவருக்கும் உரியது.

பித்தளையும் எஃகும் விலை உயர்ந்தவை. அவற்றை வாங்க இயலாதவர்கள் தம் கைக்கு எட்டிய மரத்திலேயே சக்கரங்களைச் செதுக்கினார்கள். மரக்கடிகாரத்தின் இயக்கம் எளியது. கயிற்றில் தொங்கும் ஒரு கல் தன் எடையால் கீழே இறங்கி, பற்சக்கரங்களைச் சுழற்ற முயல்கிறது. தடையின்றி விட்டால் அது நொடியில் தரையைத் தொட்டுவிடும். ஊசலோடு சேர்ந்தாடும் நங்கூரம் போன்ற ஒரு துண்டு, கடைசிச் சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாகத் தடுத்துத் தடுத்து விடுவிக்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி ஆகும். சக்கரத்திற்கு 30 பற்கள் இருந்தால், அது நிமிடத்திற்கு ஒரு முறை சுற்றும். எஞ்சியதெல்லாம் பற்களைப் பெருக்கி வகுக்கும் கணக்குத்தான்.

கணக்கு எளிதாயினும் மரம் எளிதில் வசப்படுவதில்லை. மழைக்காலத்தில் அது ஊதும், வறட்சியில் சுருங்கும். நாரின் போக்கிற்குக் குறுக்கே வெட்டிய பல் முறிந்துவிடும். இந்தச் சிக்கலை வென்றவர்களில் தலையாயவர், இங்கிலாந்தில் 1693இல் ஒரு தச்சனின் மகனாகப் பிறந்த ஜோன் ஹாரிசன். 1713இல், இருபது வயதில், அவர் முதற்கடிகாரத்தைச் செய்தார். அதன் சக்கரங்கள் ஓக் மரத்தாலானவை. நார் வெளிநோக்கி ஓடுமாறு செதுக்கிய பற்துண்டுகளை அவர் சக்கரத்தின் விளிம்பிலே பதித்தார். பின்னர் பிரோக்கிள்ஸ்பி என்னும் மாளிகையின் குதிரைலாயத்திற்குச் செய்த கடிகாரத்தில், இயல்பாகவே எண்ணெய்ப்பசையுள்ள ஒரு கடின மரத்தைப் பயன்படுத்தி, எண்ணெயே வேண்டாதபடி அதனை இயங்கச் செய்தார். கடலில் கப்பலின் தீர்க்கரேகையைக் கண்டறியும் வழிக்கு 20,000 பவுண் வரை பரிசு என்று 1714இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அறிவித்தபோது, வானியலறிஞர் பலர் விண்மீன்களையே நாடினர். விடையைக் கடிகாரமாகச் செய்து கொடுத்தவர் இந்தத் தச்சர். அவருக்கு உரிய பணம் முழுமையாகக் கிடைக்க 1773 வரை போராட வேண்டியிருந்தது என்பதும் வரலாறே.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் இது ஒரு தனிமனிதனின் கலையாக இல்லாமல் ஊர்த்தொழிலாகவே வளர்ந்தது. பனி மூடிய நீண்ட குளிர்காலத்தில் வயலில் வேலையில்லை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து அங்குள்ள குடியானவர்கள் வீட்டுக்குள்ளேயே பட்டறை வைத்து மரச்சக்கரங்களைக் கடைந்தனர். தம் கடிகாரங்களை முதுகில் சுமந்த வணிகர்கள் நாடுநாடாக நடந்தனர்.

அமெரிக்காவில் நடந்த நிகழ்ச்சி இன்னும் நெஞ்சைத் தொடுவது. விடுதலை பெற்ற ஒரு கறுப்பின அடிமையின் மகனாக 1731இல் பிறந்த பெஞ்சமின் பன்னேக்கர், மேரிலாந்தில் தன் குடும்பத்தின் சிறு பண்ணையில் புகையிலை பயிரிட்டு வாழ்ந்தவர். இரவலாகக் கிடைத்த ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தை ஆராய்ந்து, அதன் உறுப்புகளைப் பெரிதாக வரைந்து, 1753ஆம் ஆண்டளவில் மரத்திலே செதுக்கி, மணியடிக்கும் கடிகாரமொன்றைச் செய்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. பின்னாளில் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்ட இவரே, 1791இல் தோமஸ் ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதி, சமத்துவம் பேசும் நாட்டில் அடிமைத்தனம் எப்படி நிற்கலாம் என்று வினவினார். 1806இல் அவர் மறைந்து, அடக்கம் நடந்துகொண்டிருந்த வேளையில், அவருடைய குடிசை எரிந்தது. அந்தக் கடிகாரமும் சாம்பலாயிற்று.

மறு ஆண்டே கனெக்ரிகட் மாநிலத்தில் எலி டெரி என்பவர் 4,000 மரக்கடிகார இயக்கங்களைச் செய்ய ஒப்பந்தம் ஏற்று, நீர்விசையால் ஓடும் வாள்களைக் கொண்டு மூன்றாண்டுகளில் முடித்தார். வீட்டுப் பட்டறையின் கலை தொழிற்சாலையின் உற்பத்தியாக மாறியது. மலிவான அமெரிக்கக் கடிகாரங்களின் வரவால் கருங்காட்டின் குடிசைத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தள்ளாடிற்று.

இலங்கைத் தேயிலையும் ஏறத்தாழ இதே பாதையில் வந்ததுதான். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தம் பங்களாத் திண்ணையையே அவர் பட்டறையாக்கினார். கொழுந்தை மேசைமேல் கையால் உருட்டி, கரியடுப்பின் சூட்டில் உலர்த்தினார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், திண்ணைத் தேயிலை தொழிற்சாலைத் தேயிலையாயிற்று. காடாயிருந்த மலைகள் பச்சைக் கம்பளமாயின. தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்களின் உழைப்பில் மஸ்கெலியாவும் எழுந்தது.

இங்கே நாம் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். கருங்காட்டுக் குடியானவனும் பன்னேக்கரும் செய்ததை மஸ்கெலியாத் தொழிலாளி ஏன் செய்யவில்லை? கைத்திறன் இல்லையா? ஆளுயரச் சக்கரங்களின்மேல் தேரை நடமாட விட்ட தச்சர்களின் மண்ணிலிருந்து வந்தவர்களுக்குக் கைத்திறன் இல்லையென்று எவரும் சொல்லமாட்டார். ஹாரிசனும் பன்னேக்கரும் கருங்காட்டாரும் செல்வந்தரல்லர். ஆனால் அவர்களிடம் தமக்கென ஒரு வீடு இருந்தது. தமக்கெனச் சில கருவிகள் இருந்தன. எவரும் உரிமை கொண்டாட முடியாத சில மணிநேரமும் இருந்தது. மரக்கடிகாரத்திற்கு மரம் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை ஓய்வுநேரம்.

மலைநாட்டுத் தேயிலைக்கோ பனிக்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் துளிர்க்கும் செடியிலிருந்து வாரந்தோறும் கொழுந்து பறிக்க வேண்டும். செடிக்கு ஓய்வில்லையாதலால் பறிப்பவளுக்கும் ஓய்வில்லை. லயத்துக் காம்பரா தோட்டத்தின் உடைமை. வேலை போனால் கூரையும் போகும். ஒரு குடும்பமே சமைத்து உண்டு உறங்கும் ஒற்றை அறையில் பட்டறைப் பலகைக்கு எங்கே இடம்? ஆயினும் கிடைத்த சிறு ஓய்வை அந்த மக்கள் வீணாக்கவில்லை. விடியலில் துரையின் ஏவலுக்கு முழங்கிய அதே தப்பை, மாசி மாதத்து இரவுகளில் காமன் கூத்துக்காகத் தம் விருப்பத்தின்படி முழக்கினார்கள். தமக்குச் சொந்தமான நேரத்தைக் கலையாக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அரசியலிலும் அவர்களுடைய காலத்தைப் பிறரே நகர்த்தினர். 1947 தேர்தலில் மஸ்கெலியாத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரசின் ஜி. ஆர். மோத்தாவைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. முள்ளைப் பின்னுக்குத் திருப்புவது இதுதான். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தது. 1,50,000 பேரின் கதியை ஒத்திவைத்தது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்பதே 1984இல்தான் தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தது.

1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலின் கற்கள் வெளியே தலைகாட்டுகின்றன. பார்க்க வருவோர் வியந்து திரும்புகின்றனர். அந்தக் கற்களுக்குக் கிடைக்கும் கவனம், கரைமேல் லயங்களில் வாழ்வோருக்கும் கிடைக்க வேண்டும்.

கூலி உயர வேண்டும் என்பது நியாயம். அத்துடன் கேட்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு: எவரும் வெளியேற்ற முடியாத ஒரு வீடு, அதில் ஒரு மேசை, அதன்மேல் ஓர் உளி, எவர் கணக்கிலும் பதியாத ஒரு மாலைப்பொழுது. இவை கிடைத்தால் கொழுந்து பறித்தவளின் பிள்ளை அந்த மேசையில் என்ன செய்வான் என்று நாம் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அவன் கடிகாரமும் செய்யலாம், கவிதையும் செய்யலாம். அந்தப் பொழுது அவனுடையதாக இருக்கட்டும்.