வணிகக் கப்பலும் சேமப்படையும்

கடற்படைக்கு இருவகைப் பலம் உண்டு. எக்காலமும் சீருடையில் நிற்கும் நிரந்தரப் படை ஒன்று. அமைதிக் காலத்தில் வணிகக் கப்பல்களில் தொழில் புரிந்து, நாடு அழைக்கும்போது வந்து சேரும் ரிசர்வ் படை, அதாவது சேமப்படை, மற்றொன்று. சேமப்படைக்கு ஆள் தேடுவோர் கப்பற்கல்வி பயிலும் மாணவரை நாடுவது பல நாடுகளின் வழக்கம். காரணம் எளிது. போர்க்கப்பலை வாங்கிவிடலாம், ஆனால் விண்மீனைக் கொண்டு நடுக்கடலில் கப்பலின் இருப்பிடத்தைக் கணிக்கவும், புயலில் அதனைச் செலுத்தவும் வல்ல ஒருவனை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும். நம் நாட்டில் இவ்வுறவு எவ்வாறு வளர்ந்தது என்பதை நேயர்களோடு சேர்ந்து சிந்திப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நம் கடல்களில் ஓடிய பெருங்கப்பல்களில் கயிறு இழுக்கவும் கரி அள்ளவும் இந்தியர் இருந்தனர். அதிகாரியாக உயர அவர்களுக்கு அநேகமாக வழி இல்லை. இந்நிலையை மாற்ற 1922இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் தஞ்சைத் தரணியில் பிறந்த சர் பி. எஸ். சிவசாமி ஐயர். அதன் பயனாக ஏற்பட்ட குழு 1924இல் பயிற்சிக் கப்பல் ஒன்று வேண்டுமெனக் கூறியது. படைவீரரை ஏற்றிச் சென்ற பழைய கப்பலான டப்ரின், 1927இல் பம்பாய்த் துறைமுகத்தில் மஸகான் அருகே மிதக்கும் பள்ளியாயிற்று.

டப்ரின் வணிகக் கப்பல் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கவே பிறந்தது. எனினும் அதன் முதல் தலைவரான டிக்பி பெஸ்ட், அரசாங்கக் கடற்பணியான ராயல் இந்தியன் மரீனைச் சேர்ந்தவர். ஆகவே பாய்மரமும் கணிதமும் மட்டுமன்றிப் படைக்குரிய ஒழுங்கும் அங்கே பழகிற்று. ஆனால் படித்து வெளிவந்த இளைஞரைப் பிரிட்டிஷ் கம்பெனிகள் பல ஏற்கத் தயங்கின. தேர்ச்சி இருந்தும் கதவு திறக்கவில்லை.

1939இல் போர் மூண்டது. ராயல் இந்தியக் கடற்படையிடம் அப்போது விரல்விட்டு எண்ணத்தக்க போர்க்கப்பல்களே இருந்தன. கடல் அனுபவம் உள்ளவர்க்கென ஒரு சேமப்படையும், அது இல்லாத குடிமக்களுக்கென ஒரு தொண்டர் சேமப்படையும் அதற்குத் துணை நின்றன. முன்னதில் டப்ரினின் பழைய மாணவர் பலர் சேர்ந்தனர். கப்பலை நடத்தும் கலையை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். பீரங்கி, சமிக்ஞை, நீர்மூழ்கி எதிர்ப்பு ஆகியவற்றைக் கற்றால் போதுமாயிற்று.

அவர்களுள் ஒருவர் ராம்தாஸ் கட்டாரி. செங்கற்பட்டில் பிறந்து, ஐதராபாத்தில் கற்று, பம்பாயில் டப்ரினின் முதல் அணியில் பயின்று, கல்கத்தாவில் ஹூக்ளி நதியின் ஆழம் அளக்கும் பணியில் அமர்ந்தவர். பிறந்த ஊரை விட்டு வேற்று மாகாணங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வாழ்க்கையின் போக்கு நன்கு விளங்கும். 1939இல் சேமப்படையில் சேர்ந்த அவர், பின்னர் நிரந்தரப் படையில் இடம் பெற்றார். 1956இல் இந்தியக் கப்பலணிக்குத் தலைமை தாங்கினார். 1958 ஏப்ரல் 22இல் கடற்படைத் தலைமைப் பதவியை ஏற்ற முதல் இந்தியரானார். 1971 போரின்போது கடற்படைத் தலைவராக இருந்த நந்தாவும் தொண்டர் சேமப்படை வழியே வந்தவர்தாம்.

சேமப்படையினர் போர்க்களத்தில் எத்தகையோர் என்பதற்கு 1942 நவம்பர் 11 சான்று. கடற்கண்ணிகளை அகற்றும் சிறு கப்பலான ‘பெங்கால்’, ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக இந்துமாக் கடலில் சென்றது. பெருங்கப்பல்களான இரு ஜப்பானியத் தாக்குக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. பெங்காலில் இருந்த பெரிய பீரங்கி ஒன்றே ஒன்று, அதுவும் சிறியது. அதன் தலைவர் வில்சன் சேமப்படை அதிகாரி. அவர் பகைக் கப்பலை நோக்கியே தம் கப்பலைச் செலுத்தினார். பெங்காலும் ஒண்டினாவும் சுட்டதில் பகைக் கப்பல்களுள் ஒன்று தீப்பற்றி மூழ்கியது. இரண்டு கப்பல்களும் தப்பிக் கரை சேர்ந்தன.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. போர்க்காலத்தில் கடற்படை பன்மடங்கு பெருகியது. ஆள் சேர்ப்பவர்கள் நல்ல உணவு, உயர்வு, எதிர்காலம் என்று பேசி இளைஞரை அழைத்தனர். உள்ளே வந்தவர்கள் கண்டவையோ மோசமான உணவும் நிறவேற்றுமையும். 1946 பிப்ரவரி 18இல் பம்பாயில் ‘தல்வார்’ சமிக்ஞைப் பள்ளியில் தொடங்கிய மாலுமிகளின் எழுச்சி விரைவில் பல துறைமுகங்களுக்குப் பரவிற்று. நிறைவேறாத வாக்குறுதிகளும் அதன் காரணங்களுள் ஒன்று.

இரண்டையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கட்டாரி போன்றோர்க்குச் சேமப்படை அளித்தது அவர்தம் தேர்ச்சிக்கு ஒரு மதிப்பு. தல்வாரின் மாலுமிகளுக்குக் கிடைத்ததோ வெறுஞ்சொல். மாணவரை அழைக்கும் குரல் எவ்வளவு இனிமையானது என்பதைவிட, அழைத்தபின் திறக்கும் கதவு எத்தகையது என்பதே முக்கியம்.

டப்ரினின் இடத்தை 1972இல் ராஜேந்திரா என்ற கப்பலும், 1993இல் நவி மும்பையில் கரைமேல் அமைந்த சாணக்கியா பள்ளியும் ஏற்றன. 2008இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நிறுவப்பட, சாணக்கியாவும் அதன் பகுதியாயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய பள்ளிகளில் சேரும்போது, சேமப்படையின் அழைப்பு அவர்களை எட்டக்கூடும். சம்பளத்தோடு கடமையையும், பெருமையோடு ஆபத்தையும், அழைப்பு வந்தால் எத்தனை காலம் பணி என்பதையும் கேட்டறிந்து அவர்கள் முடிவு செய்யட்டும். அறிந்து தரும் சம்மதமே ஆபத்துக் காலத்தில் நிலைத்து நிற்கும்.