பிறையும் நிரலும்

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டில் பழைய நிக்காஹ் பதிவேடொன்று கிடைத்தால், அதன் ஹிஜ்ரி தேதியை ஆங்கிலத் தேதியாக்க நாம் இன்று கணினியையே நாடுவோம். கணினியோ பிறை பார்ப்பதில்லை. மைக்ரோசாப்டின் ஹிஜ்ரி நாட்காட்டி, இடைக்கால வானியலாரின் அட்டவணைக் கணக்கு வகையைச் சேர்ந்தது: 30 ஆண்டுகளில் 19 ஆண்டுகளுக்கு 354 நாள், 11 ஆண்டுகளுக்கு 355 நாள், மொத்தம் 10,631. சராசரியில் துல்லியமே, ஆயினும், மேகம் மூடிய மாலையை அது அறியாது. அதனால்தான் இரண்டு நாள் வரை முன்பின் திருத்திக்கொள்ள அதில் இடம் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, பதிவேட்டிலுள்ள கிழமையையும் ஒப்பிடுவோம். ஓரிரு நாள் பிசகினால் எழுதியவரைக் குறைகூற வேண்டாம். அவ்வூரார் கண்ட பிறையே அவ்வூரின் தேதி.